முதுகைப் பார்த்த கேமரா

சர்வேயருக்கு எரிச்சல் வந்தால் வாயைத் திறக்க மாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். அன்று பிற்பகல் அந்தச் சலூன் மாடிக்கு வந்த முக்கால் மணி நேரத்தில் ஆறு முறை துடைத்துவிட்டார். கண்ணாடி பளபளவென்று இருந்தது. வழக்குதான் மங்கலாகவே இருந்தது.

"நாலு கேமரா மாட்டியிருக்கீங்க," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "நாலுல ஒண்ணாவது ஒரு முகத்தைப் பிடிச்சிருக்கக் கூடாதா?"

"எல்லாம் புதுசுங்க," என்றார் சலூன்காரர். "ஒரே பெட்டியில வந்துது. ஆள் வெக்காம நானே மாட்டினேன்."

"அது பாத்தாலே தெரியுது," என்றார் சம்பந்தி.

சம்பந்தி என்றால் சர்வேயரின் மகனுக்குப் பெண் கொடுத்தவர். முப்பத்தோரு வருடம் பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்றதும் வாய்க்கு வேலையில்லாமல் போய்விட்டது, துப்பறிய வந்துவிட்டார். சர்வேயரும் அப்படித்தான், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகத் தீப்பிடித்த கிடங்குகளில் சாம்பலைக் கிளறிப் பொய்யைக் கண்டுபிடித்து ஓய்வு பெற்றவர். வேறு யாராவது உதவியாளராக இருந்திருந்தால் இதற்குள் நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருப்பார். மருமகளைப் பெற்றவரைத் திட்ட முடியுமா? இவர் இங்கே முறைத்தால் மகன் வீட்டில் இவருக்கு வரும் காபி ஆறிப்போய் வரும்.

விஷயம் இதுதான். கீழே சலூன், மேலே வீடு. கடை, வீடு இரண்டுக்கும் சேர்ந்த மூலப் பத்திரம் நேற்றுக் காலை பீரோவிலிருந்து காணாமல் போய்விட்டது. கட்டிடத்தை வாங்குகிறவர் இன்று மாலை ஐந்து மணிக்கு அதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்ல வருகிறார். பத்திரம் இல்லையென்றால் விற்பனையும் இல்லை. அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருந்தது. ஐந்து மணி வரை பார்த்துவிட்டுச் சலூன்காரர் நேரே போலீசுக்குப் போவதாக இருந்தார், கூடப் பிறந்த தம்பியின் பேரை எழுதிக் கொடுக்க.

அதற்கு முன்னால் சந்தேகமறத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் சர்வேயரைக் கூப்பிட்டிருந்தார். தெரிந்துகொள்ள வழியாக அவர் கொடுத்தது இந்த நான்கு கேமராக்கள்.

முதல் கேமரா சலூன் வாசலில். மாட்டியவர் அதற்கு சார்ஜ் போடவில்லை. இரண்டாவது கொல்லைப்புறத்தில். சார்ஜ் இருந்தது, மெமரி கார்டு இல்லை. கார்டு எங்கே என்று கேட்டால், "அது தனியா வேற போடணுமா?" என்று சலூன்காரர் திருப்பிக் கேட்டார். மூன்றாவது மொட்டை மாடியில், வானத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு. அதில் காலையிலிருந்து மாலை வரை ஒரே வெள்ளை. நடுவில் துண்டு காயப் போடும் கொடி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"பெட்டியில ஒரு கையேடு இருந்திருக்குமே. 'முதன்முறை கேமரா பொருத்துகிறவர்களுக்கு'ன்னு படம் போட்டு. அது எங்க?"

"பெட்டியோட பரண் மேல கெடக்கும். அதெல்லாம் யாருங்க படிப்பா?"

சர்வேயர் ஏழாவது முறையாகக் கண்ணாடியைத் துடைத்தார். சமையலறையிலிருந்து சலூன்காரரின் மனைவி மூன்று டம்ளர் டீயோடு வந்தார். வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தார்.

"இரு, பேசிட்டிருக்கோம்ல," என்றார் சலூன்காரர், திரும்பாமலே.

மனைவி உள்ளே போய்விட்டார். சர்வேயர் நான்காவது கேமராவின் படத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

நான்காவது கேமராதான் ஒரே நம்பிக்கை. வெளிப்படிக்கட்டு ஏறி வந்தால் ஒரு சின்ன மேடை. அதற்கு எதிரே இரட்டைக் கதவு, நடுவில் கைப்பிடி அளவுக்கு ஒரு பூட்டு. மேடையின் கூரையில் கேமரா. நேற்றுக் காலை பதினொன்று பத்துக்கு அது ஒரு படம் எடுத்திருந்தது. சலூன்காரர் போனை நீட்ட, இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

பச்சை நிற மழைக்கோட்டு ஒன்று கதவின் முன் நின்றது. தலையை மூடிய தொப்பி. கேமராவுக்கு முதுகைக் காட்டியபடி ஓர் உருவம். நீளமான கோட்டுக் கைக்குள்ளிருந்து இடது கை விரல்கள் எட்டிப் பார்த்தன. சாவியை நுழைத்தன, திருப்பின. பூட்டு திறந்தது. அதோடு படம் நின்றுவிட்டது.

"மீதி எங்க?"

"பத்து செகண்ட்தான் எடுக்கும். பேட்டரி சீக்கிரம் தீரக் கூடாதுன்னு அப்படி வெச்சேன். அப்புறம் அஞ்சு நிமிஷம் தூங்கும்."

"காவலுக்கு வெச்ச ஆளே ஷிஃப்ட் போட்டுத் தூங்குது," என்றார் சம்பந்தி.

அடுத்த படம் பதினொன்று பதினைந்துக்கு. கேமரா தூங்கி எழுவதற்குள் உருவம் வெளியே வந்து மறுபடி திரும்பிக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தது. மறுபடி முதுகு. இடது கை பூட்டை அழுத்திச் சாவியை உருவியது. பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தது. கைகள் தொங்கின. படம் முடிந்தது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. கேமராவின் கவனமெல்லாம் பூட்டின் மேல்தான்.

"ஐயா," என்றார் சர்வேயர், குரலை மிகவும் அடக்கி. "வர்றவன் முகத்தைப் பாக்கற மாதிரிதான கேமராவை வெப்பாங்க. நீங்க ஏன் கதவைப் பாத்து வெச்சிருக்கீங்க?"

"கதவுக்குத்தான காவல்? அது மட்டுமில்ல." சலூன்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "முப்பது வருஷமா ஆளுங்களுக்குப் பின்னாடி நின்னு வேலை செய்யறவன் நான். முகத்தைவிடப் பின்மண்டைதான் எனக்குப் பழக்கம். தெருவுல போற எவனையும் பின்னாடியிருந்து பாத்தே பேர் சொல்லிடுவேன். தொப்பி போட்டுட்டு வருவான்னு யாரு கண்டா?"

சம்பந்தி ஏதோ சொல்ல வாயெடுத்தார். சர்வேயர் டீயை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டார்.

"அந்தக் கோட்டு யாரோடது?"

"பொதுக்கோட்டு. படிக்கட்டு அடியில தொங்கும். மழை பெஞ்சா யார் வேணாலும் மாட்டிக்குவோம். வீட்டுச் சாவி கடைக் கண்ணாடிக்குப் பின்னாடி ஆணியில. எங்க மூணு பேருக்குத்தான் தெரியும். நான், என் வீட்டுக்காரி, என் தம்பி. மூணு பேர்ல இடது கைக்காரன் ஒருத்தன்தான். கடையை விக்கக் கூடாதுன்னு மல்லுக்கு நின்னவனும் அவன்தான். இதுக்கு மேல என்னங்க வேணும்?"

கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் சர்வேயருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சாம்பல் கிளறிய காலத்திலிருந்தே, தானாக வந்து கையில் உட்காரும் சாட்சியை அவர் நம்பியதில்லை.

கீழே போனார்கள். சலூனில் இரண்டு நாற்காலிகள், சுவர் முழுக்கக் கண்ணாடி. தம்பி தன் கத்தரிக்கோல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துத் துணியில் சுருட்டிக்கொண்டிருந்தார், இடது கையால்தான். சுவரோரம் ஒரு துணிப்பை தயாராக நின்றது.

"நீங்க எடுத்தீங்களா?" என்று சர்வேயர் நேராகக் கேட்டார்.

"இல்லைன்னு அண்ணன்கிட்ட ஒரு தடவை சொன்னேன். ரெண்டாவது தடவை சொல்ல மாட்டேன்."

"யார் எடுத்தாங்கன்னு தெரியுமா?"

தம்பியின் பார்வை ஒரு கணம் மேல்கூரைக்குப் போய் இறங்கியது. "தெரியாது."

"போலீசுக்குப் போறேன்ங்கறாரு உங்க அண்ணன்."

"போகட்டும். அஞ்சு மணிக்கு மேல எங்க வேணாலும் போகட்டும்."

அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. சர்வேயர் படியேறும்போது மூச்சு வாங்கியது. திருடியவன் முகத்தைக் காட்டவில்லை, திருடாதவன் வாயைத் திறக்கவில்லை, கேமரா மாட்டியவரோ வாயை மூடவில்லை. மூன்று பேருக்கும் நடுவில் நேரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மணி மூன்றே முக்கால்.

மேலே வாசலில் சலூன்காரரின் மனைவி ஈரத் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். சர்வேயரைப் பார்த்ததும் எழுந்தார். "சார், உங்ககிட்ட ஒரு விஷயம்..."

"இருங்கம்மா, வந்துடறேன்," என்றார் சர்வேயர். அவர் கண் பூட்டின் மேல் இருந்தது. உள்ளே எங்கோ ஒரு போன் ஏதோ சொன்னதைக்கூட அவர் கவனிக்கவில்லை. மனைவி துண்டுகளை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இடது கையால் இந்தப் பூட்டைத் திறந்தால் எப்படி இருக்கும் என்று செய்து பார்த்துவிடலாம் என்று சர்வேயருக்குத் தோன்றியது. கதவைச் சாத்தி, பூட்டை அழுத்திப் பூட்டிச் சாவியை உருவினார். படத்தில் பார்த்தபடியே இடது கையால் சாவியை நுழைத்து, இடது பக்கமாகத் திருப்பினார். அசையவில்லை. மறுபடி திருப்பினார். விரல் சிவந்ததுதான் மிச்சம்.

"பூட்டும் உங்களுக்குச் சம்பந்தி முறை போல," என்றார் சம்பந்தி. "மரியாதையா நிக்குது. ஆனா விட்டுக் குடுக்க மாட்டேங்குது."

"சும்மா இருங்க சம்பந்தி," என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக உடனே வருத்தப்பட்டு, அந்த வருத்தத்தையும் சேர்த்துச் சாவியின் மேல் காட்டினார்.

பின்னாலேயே ஏறி வந்த சலூன்காரர், "ஐயோ, சாவி உடைஞ்சிடப் போகுது. அது வலது பக்கம் திரும்பும்," என்றார்.

வலது பக்கம் திருப்பியதும் பூட்டு சமர்த்தாகத் திறந்தது. சர்வேயர் திறந்த பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு போனை வாங்கி நேற்றைய படத்தை ஓட்டினார். ஒரு முறை. இன்னொரு முறை. மூன்றாவது முறை ஓட்டிவிட்டுச் சம்பந்தியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"சாவி எந்தப் பக்கம் திரும்புது பாருங்க."

சம்பந்தி கண்ணைச் சுருக்கினார். "இடது பக்கம்."

"இந்தப் பூட்டு இடது பக்கம் திரும்புமா?"

"இப்பத்தான் நீங்க படாத பாடு பட்டீங்களே. திரும்பாது."

"நம்ம கையில திறக்காத பூட்டு, படத்துல மட்டும் எப்படித் திறக்குது?"

சம்பந்தி பூட்டையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். சர்வேயர் அவரைக் கதவைப் பார்த்து நிற்கச் சொன்னார். "டிக்கெட் கிழிச்சீங்களே, அந்த வலது கையைத் தூக்குங்க." போனில் நேரடிப் படத்தைத் திறந்தார். அதில் சம்பந்தி இடது கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"இதை யார் இப்படி வெச்சது?"

"நான்தான் சரி பண்ணேன்," என்றார் சலூன்காரர், கொஞ்சம் பெருமையாகவே. "மாட்டின அன்னிக்குக் கேமரா முன்னாடி நின்னு போனைப் பாத்து வலது கையைத் தூக்கினா, போன்ல கை எதிர்ப்பக்கம் தெரிஞ்சுது. கண்ணாடியில அப்படியா தெரியும்? வலது கையைத் தூக்கினா வலது பக்கம்தான தெரியணும். மெஷின் கோளாறுன்னு ஒவ்வொரு பட்டனா அழுத்திப் பாத்தேன். ஒரு பட்டன்ல சரியா வந்துருச்சு."

சர்வேயர் கண்ணாடியைத் துடைக்கக்கூட மறந்துவிட்டார். சலூன்காரர் ஆயுள் முழுக்கக் கண்ணாடியைப் பார்த்தே உலகத்தைப் பார்த்த மனிதர். கேமரா உள்ளதை உள்ளபடி காட்டியது. இவர் அதைத் திருத்திக் கண்ணாடி ஆக்கிவிட்டார்.

"அது இடது கை இல்லைங்க," என்றார் சர்வேயர். "வலது கை. உங்க தம்பி நீங்க படத்துல பாத்த ஆள் இல்லவே இல்ல."

சலூன்காரர் போனைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். கீழே சுருட்டிய கத்தரிக்கோல்கள் ஞாபகம் வந்ததோ என்னவோ, "அவன் கிளம்பிடப் போறான்," என்று சொல்லிக்கொண்டே படிகளில் இறங்கி ஓடினார்.

"பாதி வேலை முடிஞ்சுது," என்றார் சம்பந்தி.

"எங்க முடிஞ்சுது? ஒருத்தரை இறக்கிவிட்டாச்சு, யாரை ஏத்தறதுன்னு தெரியல. மணி நாலே கால்."

"பத்திரமாவது எங்க போயிருக்கும்?"

"எங்கயும் போகல. அது மட்டும் நிச்சயம். வெளிய வரும்போது ரெண்டு கையும் தொங்குது பாருங்க. கொட்டற மழையில பழைய காகிதத்தை எடுத்துட்டுப் போறவன் நெஞ்சோட அணைச்சுப் பிடிக்க மாட்டானா? உள்ளயே ஒளிச்சு வெச்சுட்டுத்தான் வந்திருக்கு அந்த ஆள்."

சம்பந்தி போனை வாங்கி, சில்லறை எண்ணிப் பழகிய கட்டைவிரலால் கண்டதையும் அழுத்தினார். திடீரென்று போனிலிருந்து மழை கொட்டியது. சர்வேயர் வானத்தைப் பார்த்தார். வானம் வெளுத்துக் கிடந்தது. சத்தம் நேற்றைய மழையுடையது.

"இதுல சத்தமும் பதிவாகுதா?" என்றார் சர்வேயர். ஒரு மணி நேரத்துக்கு மேலாக ஊமைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தலையிலடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

மழைச் சத்தம். சாவி கிளிக்கென்று திரும்பும் சத்தம். அப்புறம், மழைக்கோட்டுக்கு உள்ளேயிருந்து, பதிவு செய்த ஒரு பெண் குரல்: "வாசலில் ஆள் நடமாட்டம்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வாசல்ல யாரோ நிக்கறாங்கன்னு கேமரா போனுக்குச் சேதி அனுப்பும், அது கேள்விப்பட்டிருக்கேன்," என்றார் சம்பந்தி மெதுவாக. "இங்க திருட வந்த ஆளுக்கே அனுப்பியிருக்கு. 'ஜாக்கிரதை, நீங்க வந்துட்டீங்க'ன்னு."

"அப்படின்னா சலூன்காரர் போன் தவிர இன்னொரு போன்லயும் இந்த கேமரா இருக்கு."

சம்பந்தியின் கட்டைவிரல் வழுக்கி, வேறு நாளின் படம் ஓட ஆரம்பித்தது. ஒன்பது நாளைக்கு முன், காலை ஒன்பது மணி. சலூன்காரர் முன்னால் நடந்து படியிறங்கி மறைகிறார். பின்னால் அவர் மனைவி கதவைப் பூட்டுகிறார். பூட்டிக்கொண்டே பேசுகிறார்.

"கொஞ்சம் நில்லுங்க. ஒரு விஷயம் சொல்லணும்."

பதிலுக்குச் செருப்புச் சத்தம் கீழே இறங்கிப் போகிறது. மனைவி பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறார்.

சர்வேயர் அடுத்த நாளை அழுத்தினார். "கடையைக் குடுக்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேளுங்க." செருப்புச் சத்தம். பூட்டு இரண்டு தரம் இழுபடுகிறது.

அதற்கு அடுத்த நாள். "உங்களுக்கு மணிக்கட்டு வலின்னா நான் வெட்டறேன். ரெண்டு வருஷமா தம்பிகிட்ட வேலை கத்துக்கிட்டிருக்கேன். கேக்குதா?" செருப்புச் சத்தம். கீழே யாரோ வாடிக்கையாளருக்குச் சலூன்காரர் சிரித்தபடி வணக்கம் சொல்கிறார்.

கடைசி மூன்று நாட்களில் பேச்சே இல்லை. பூட்டை இழுக்கும் சத்தம் மட்டும், இரண்டு தரம்.

சர்வேயர் போனை அணைத்தார். கண்டுபிடித்துவிட்டால் நெஞ்சு நிமிரும். இத்தனை வருடப் பழக்கம் அது. இன்று நிமிரவில்லை. சலூன்காரரின் மனைவி டீ டம்ளரோடு நின்றது ஞாபகம் வந்தது. ஈரத் துண்டோடு எழுந்து நின்றதும் ஞாபகம் வந்தது. 'இருங்கம்மா' என்று சொன்னது சலூன்காரர் இல்லை. சாட்சி தானாக வந்து வாய் திறந்தபோது, அதைத் தள்ளிவிட்டுப் பூட்டோடு மல்லுக்கட்டியது அவரேதான். தன் மேலேயே அவருக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது.

சலூன்காரர் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தார். தம்பியின் தோளில் துணிப்பை இருந்தது.

"இவன் பேச மாட்டேங்கறான். சரி, தப்பு என்னோடது, ஒத்துக்கறேன். ஆனா எடுத்தது யாரு? அதைச் சொல்லுங்க. நேரமாகுது."

"உங்க போன்ல ஏன் சத்தமே இல்ல?" என்றார் சர்வேயர்.

"அதை ஏன் கேக்கறீங்க. மாட்டின முதல் நாளே காக்கா வந்தா கத்துச்சு, துண்டு ஆடினா கத்துச்சு. வாடிக்கையாளர் கன்னத்துல கத்தி வெச்சிருக்கும்போது பாக்கெட்டுல கத்தினா கை நிக்குமா? மொத்தமா அணைச்சுட்டேன்."

"எடுத்த படங்களையாவது பாத்தீங்களா?"

"திருடன் வந்தாத்தானங்க பாக்கணும்."

"வேற யார் போன்ல இது இருக்கு?"

"வீட்டுக்காரி போன்ல போட்டுக் குடுத்தேன். எனக்குத்தான் தொல்லை, அவளாவது கேக்கட்டும்னு."

சர்வேயர் சம்பந்தியைப் பார்த்துத் தலையசைத்தார். சம்பந்தி மேடையில் இரண்டடி நடந்தார், கேமராவுக்கு நேர் கீழே.

சமையலறையிலிருந்து அந்தப் பதிவு செய்த குரல் கேட்டது. "வாசலில் ஆள் நடமாட்டம்."

போனைக் கையில் பிடித்தபடி சலூன்காரரின் மனைவி வெளியே வந்தார். யாரும் கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார்.

"நான்தான் எடுத்தேன்."

"அண்ணி, அஞ்சு மணி ஆகட்டும்னு சொன்னேன்ல," என்றார் தம்பி.

"போதும் தம்பி. நீங்க பையைக் கீழ வைங்க." அவர் கணவனிடம் திரும்பினார். குரல் ஏறவில்லை. "மழை பெஞ்சுது, கோட்டு போட்டேன். முகத்தை மறைக்கப் போடல. கேமரா இருக்கறது எனக்குத் தெரியாதா? பாக்கெட்டுல கத்திக்கிட்டே இருந்துதே. நீங்க படத்தைப் பாப்பீங்க, நான்தான்னு தெரிஞ்சுக்குவீங்க, ஏன் இப்படிப் பண்ணேன்னு கேப்பீங்க. அப்பவாவது சொல்லிடலாம்னுதான் எடுத்தேன். நீங்க நேத்து சாயந்திரம் பாத்தீங்க. பாத்துட்டுத் தம்பிங்கறீங்க."

"அப்பவே வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதான?"

"எத்தனை தடவை திறக்கறது?"

சலூன்காரர் துணைக்குச் சர்வேயரைப் பார்த்தார். சர்வேயர் தரையைப் பார்த்தார்.

"கோட்டுக்குள்ள இருந்தா எப்படித் தெரியும்?" என்றார் சலூன்காரர், சுருதி இறங்கி.

"பூட்டிட்டு ரெண்டு தடவை இழுத்துப் பாப்பேன். இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து அப்படித்தான் பூட்டறேன். படத்துலயும் அப்படித்தான் பூட்டினேன். தெருவுல போறவன் மண்டையெல்லாம் உங்களுக்குப் பின்னாடியிருந்தே தெரியுது. இருபத்தாறு வருஷமா கூட இருக்கேன். என்னைத் தெரியல."

சலூன்காரரின் பார்வை பூட்டின் மேல் போய் நின்றது.

சர்வேயர் சம்பந்தியிடம் திரும்பினார். "பரண்லேர்ந்து கேமரா பெட்டியை எடுங்க சம்பந்தி. இந்த வீட்டுல இவர் கையே படாத இடம்னு அது ஒண்ணைத்தான் என்னால நினைக்க முடியுது."

மனைவி லேசாகத் தலையசைத்தார். சம்பந்தி முக்காலி போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினார். மேலே கையேடு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். அதற்கு அடியில், சுத்தமான துண்டில் சுற்றிய மூலப் பத்திரம்.

சலூன்காரர் கை நீட்டினார். சர்வேயர் பத்திரத்தை முதலில் கொடுக்கவில்லை. போனில் சத்தத்தை ஏற்றி, ஒன்பது நாளைக்கு முந்தைய படத்தைத் தொட்டு, அதைத்தான் கொடுத்தார்.

"நீங்க கேட்ட துப்பு இதுல இருக்கு. நான் கண்டுபிடிச்சது ஒண்ணும் பெருசில்ல. இந்தம்மா தினமும் சொன்னதுதான்."

கொஞ்சம் நில்லுங்க என்றது போன். செருப்புச் சத்தம் கேட்டது. சலூன்காரர் அடுத்த நாளைத் தொட்டார். அதற்கடுத்த நாளை. மணிக்கட்டைப் பற்றி அவர் மனைவி சொன்னதைக் கேட்டபோது, தன்னையறியாமல் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டார். கீழே வாடிக்கையாளரிடம் தான் சிரித்த சிரிப்பையும் கேட்டார். அதைக் கேட்டதும் போனைத் தாழ்த்திவிட்டார்.

படிக்கட்டில் காலடிச் சத்தம் வந்தது. மனைவியின் கையிலிருந்த போன் கடமை தவறாமல் அறிவித்தது. "வாசலில் ஆள் நடமாட்டம்."

மணி ஐந்து. வாங்குகிறவர் வந்துவிட்டார்.

சம்பந்தி கதவுக்கு வெளியே போய் வழியை மறித்துக்கொண்டு நின்றார். "கொஞ்சம் நில்லுங்க சார். உள்ள ஒருத்தர் இன்னும் இறங்கல. விசில் குடுக்கற வரைக்கும் வண்டி நகராது," என்று அவர் சொல்வது உள்ளே கேட்டது. சர்வேயர் பத்திரத்தை நாற்காலியின் மேல் வைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சம்பந்தியின் வாய்க்கு மனதுக்குள் நன்றி சொன்னார்.

வெளியிலிருந்து வாங்குகிறவரின் குரல் வந்தது. சலூன்காரர் வாசல் பக்கம் திரும்பவில்லை. மனைவிக்கு நேராகத் திரும்பினார். கண்ணாடியும் இல்லாமல் கேமராவும் இல்லாமல் அந்த முகத்தைப் பார்ப்பது அவருக்குக் கொஞ்சம் சிரமமாகத்தான் இருந்தது.

"நின்னுட்டேன்," என்றார். "சொல்லு."